ஐம்பத்தெட்டு கிலோ

பின்னிருக்கைக்கு ஆள் எடை கேட்டார் தனுஷ்கோடி,
பென்சிலைக் காதிலிருந்து எடுத்தபடி.
ஐம்பத்தெட்டு என்றேன்.
கல்யாணத்தன்று ஐம்பத்தெட்டுதான்.
பொய்யில்லை, பழைய கணக்கு.

அதற்குப் பிறகு கப்பலூர்ப் பட்டறையில்
எல்லாமே அந்த ஐம்பத்தெட்டின் மேல் ஏறியது.
பம்ப்செட்டுக்கு புஷ் கடைந்த லேத்
சக்கரத்துக்கு அச்சு கடைந்தது.
இக்னேஷியஸ் ஒவ்வொரு பற்றவைப்பின் பக்கத்திலும்
சாக்பீஸில் தன் முதலெழுத்தைப் போட்டார்:
"விழுந்தா யாரப் பிடிக்கணும்னு தெரியணும்ல."

இறக்கைத் துணி தைத்தது குன்னத்தூர் சத்திரத்தில்,
காஜா மைதீன்.
புதுமண்டபத்தில் இருந்தவரை
சாமிக் குடையும் தொம்பையும் தைத்த கை.
நீளத்தை முழம்போட்டுப் பார்த்துவிட்டு
"எந்த ஊர்த் தேருக்கும்மா?" என்றார்.

துணியை இழுத்து ஒட்டி
இஸ்திரிப் பெட்டி வைத்தால் சுருங்கி விறைக்கும்.
ஆவினில் பால் கணக்கு முடித்து வந்த மாலைகளில்
நான்தான் தேய்த்தேன்.
சுண்டிப் பார்த்தேன்.
தப்பு மாதிரிப் பேசியது.

ஒருநாள் இறக்கையைக் கவிழ்த்துப் போட்டு
எம்-சாண்ட் மூட்டைகளை அடுக்கினோம்.
நுனி ஒரு சாண் தாழ்ந்தது. முனகியது.
இருபதாவது மூட்டையில் யாரும் பேசவில்லை.
இறக்கியதும் பழைய இடத்துக்கே வந்து நின்றது,
திட்டு வாங்கிய பிள்ளை மறுபடி
பரீட்சைக்கு உட்கார்வதுபோல.

பின்னிருக்கை ஏன் அந்த இடத்தில் என்று கேட்டேன்.
"அங்கதான் மொத்த எடையும் நடுவுல நிக்கிது.
ஆள் இருந்தாலும் இல்லாட்டியும்
மூக்கு தாழாது, வால் தொங்காது" என்றார்,
பெருமையாக.
எனக்குச் சுருக்கென்றது.
இருபத்தியிரண்டு வருசம் குடித்தனம்.
நான் ஏறாவிட்டாலும் எதுவும் சாயாத இடமாகப் பார்த்து
எனக்கு இருக்கை போட்டிருக்கிறார்.
மூன்று நாள் ரசத்தில் உப்பைக் குறைத்தேன்.

தில்லிக்குப் போட்ட ஏழாவது கடிதத்துக்குப்
பதில் வந்த வாரம்
ஓட்டிப் பார்க்க இடம் கிடைத்தது:
பேரையூர் ரோட்டில், விலைபோகாத பிளாட்டுகளுக்கு நடுவே
நாற்பதடி ரோடு.
இறக்கை முப்பத்தோரடி.
இருபக்கமும் நாலரை அடி மிச்சம், பிறகு மஞ்சள் கற்கள்.
ரோடு முடியும் இடத்தில் கண்மாய்க் கரை,
கரைமேல் கருவேலம்.

முதல்நாள் ராத்திரி அவர் தரையில் உட்கார்ந்து
கரைக்கு முன்னால் எத்தனை மீட்டர் மிஞ்சும் என்று
கூட்டிக்கொண்டிருந்தார்.
மூன்றாம் முறையும் அதே விடை.
நான் விளக்கை அணைக்கப் போய், அணைக்காமல்,
"எழுபத்தியொண்ணு" என்றேன்.

"என்ன?"

"நான்."

ரப்பரைத் தேடினார். கிடைக்கவில்லை.
எச்சில் தொட்டு அழித்ததில் தாள் கொஞ்சம் கிழிந்தது.
பதின்மூன்று கிலோவுக்கு இருபது மீட்டர் கூட.
கரை இருபது மீட்டர் பக்கத்தில் வந்தது.
திட்டுவார் என்று நின்றேன்.
"சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்றார்.

வெள்ளென ஐந்தரைக்கு,
மாட்டுத்தாவணியில் வாடகைக்கு எடுத்த தராசில்
என்னை நிறுத்தி,
அதே எடைக்கு மணல் நிறுத்தி,
மூட்டையைப் பின்னிருக்கையில் வைத்து
பெல்ட் மாட்டினார். இறுக்கிவிட்டு, கொஞ்சம் தளர்த்தினார்.

நாற்பத்தியாறாம் நம்பர் கல்லருகே
சுண்ணாம்புக் கோட்டில் என்னை நிற்கச் சொன்னார்கள்.
கோட்டுக்கு முன்னால் சக்கரம் எழும்பினால்
துண்டை ஆட்ட வேண்டும்.
ரோட்டாக்ஸ் அலறியது. மைனாக்கள் கிளம்பின.
புழுதிக்குள்ளிருந்து அது வந்தது,
நடுவில் குத்தவைத்துக்கொண்டு நான்,
முகமில்லாமல்.
கோட்டுக்கு எட்டு எட்டு முன்னாலேயே
சக்கரத்துக்கும் தாருக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது.
துண்டை ஆட்ட மறந்துபோனேன்.

கருவேலத்தைத் தாண்டி,
தண்ணியில்லாத கண்மாய்மேல் ஒரு வட்டம்.
என் எடை என்னை விட்டுவிட்டு முதலில் பறந்தது.

இறங்கியதும் என் முகத்தைக்கூடப் பார்க்காமல்
மூட்டையைத் தராசில் வைத்தார்.
எழுபது கிலோ நானூறு.
தையல் ஓரத்தில் சின்ன ஓட்டை.
"மெலிஞ்சுட்ட" என்றார் தனுஷ்கோடி.

அறுநூறு கிராம் எங்கே சிந்தியதென்று
நாலு பேரும் கொஞ்ச நேரம்
மேலே பார்த்துக்கொண்டிருந்தோம்.